பிரேக் இல்லாத படகும் மடங்குகிற புரொப்பெல்லரும்

பிளேடு போடுகிறான் என்று ஓடிவிடாதீர்கள். இன்றைய பதிவு நிஜமாகவே பிளேடு பற்றியதுதான் :-) பாய்மரப் படகின் அடியில், தண்ணீருக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடக்கிற இரண்டு அல்லது மூன்று வெண்கல பிளேடு. இதை வைத்து மும்பையில் படகுக்காரர்களுக்குள் நடக்கிற சண்டையைப் பார்த்தால் வடகலை தென்கலைச் சண்டையெல்லாம் ஒன்றுமே இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பை துறைமுகத்தில் மிதவையில் கட்டிப்போட்டு, லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்புகிற படகுக்கு ஃபோல்டிங் புரொப்பெல்லர் வேண்டாம். ஃபெதரிங் வேண்டுமானால் யோசியுங்கள், ஆனால் நிறைய யோசியுங்கள். பழைய, அசையாத, மூன்று பிளேடு வெண்கல ஃபிக்ஸட் புரொப்பெல்லரைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள்.

படகே இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. பாய்மரப் படகிலும் ஒரு டீசல் என்ஜின் உண்டு. காற்று இல்லாதபோதும், துறைமுகத்துக்குள் நுழையும்போதும் அதுதான் கதி. பாய் விரித்ததும் என்ஜினை அணைத்துவிடுவோம். ஆனால் புரொப்பெல்லர் அங்கேயேதான் இருக்கும். சும்மா இருக்காது, தண்ணீரைத் தடுத்துப் படகைப் பின்னால் பிடித்து இழுக்கும். 30 அடிச் சொச்சம் நீளமுள்ள படகில், மெல்லிய காற்றில், மூன்று பிளேடு ஃபிக்ஸட் புரொப்பெல்லர் அரை நாட் வேகத்தையாவது தின்றுவிடும். சில படகில் கிட்டத்தட்ட ஒரு நாட். படகு போவதே நாலைந்து நாட்தான் என்கிறபோது இது சின்ன விஷயமில்லை.

இந்த இழுவையைக் குறைக்க இரண்டு வழி கண்டுபிடித்தார்கள்.

ஃபோல்டிங்: பிளேடுகள் கீல் வைத்த மாதிரி பின்பக்கமாக மடங்கித் தாமரை மொட்டுப் போலக் குவிந்துகொள்ளும். என்ஜின் ஓடி ஷாஃப்ட் சுற்றினால் அந்தச் சுழற்சி வேகத்தில் விரியும். இழுவை மிக மிகக் குறைவு. கோரி, ஃப்ளெக்ஸோஃபோல்ட் எல்லாம் இந்த ஜாதி, இரண்டும் டென்மார்க் சரக்கு.

ஃபெதரிங்: பிளேடு மடங்காது, நின்ற இடத்திலேயே தன் அச்சில் திரும்பி, தண்ணீருக்குத் தன் விளிம்பை மட்டும் காட்டும். ஜன்னல் லூவரைச் சாய்த்துவிடுவது போல. நடுக்குமிழுக்குள் பல்சக்கரங்கள் இருக்கும். இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப் இதில் பிரபலம். இதன் பெரிய பலம் ரிவர்ஸ். பின்னால் போகச் சொன்னால் பிளேடு அப்படியே புரண்டு, முன்னால் தள்ளுகிற அதே பலத்தோடு பின்னாலும் இழுக்கும். குறை என்னவென்றால், இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் பிளேடுகள் தட்டையாக இருக்கும், முறுக்கு இருக்காது. அதனால் முன்னோக்கிப் போகையில் நல்ல ஃபிக்ஸட் புரொப்பெல்லரை விடத் திறன் கொஞ்சம் கம்மி.

ஃபோல்டிங்கில் கதை தலைகீழ். முன்னோக்கிப் போகையில் ஜோர். ரிவர்ஸில் தண்ணீரின் தள்ளுவிசையே பிளேடுகளை மடக்கப் பார்க்கும். சுழற்சி வேகம் அதை எதிர்த்து விரித்து வைத்திருக்க வேண்டும். புது டிசைன்கள் இதில் ரொம்பத் தேறிவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய இரண்டு பிளேடு மாடல்களில் ரிவர்ஸ் என்பது ஆண்டவனிடம் வைக்கிற விண்ணப்பம்.

மூன்று குடும்பமாகக் காசு போட்டு நாங்கள் வாங்கிய 31 அடி செகண்ட்ஹேண்ட் படகில் இருந்தது அப்படி ஒரு பழைய ஃபோல்டிங்தான். முந்தைய சொந்தக்காரர் பந்தயத்துக்குப் போனவர். வாங்கின அன்றைக்கு நான் பெருமையாக அதன் மகாத்மியங்களை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேகம் எல்லாம் சரி. பிரேக் எங்க இருக்கு?"

படகுக்குப் பிரேக் கிடையாதும்மா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், படகுக்குப் பிரேக் உண்டு. அந்தப் புரொப்பெல்லர்தான் பிரேக். ரிவர்ஸ் போட்டு, அது கடிக்கிற கடியில்தான் ஐந்து டன் எடை நிற்க வேண்டும். நான் வாங்கியது வேகத்தை. பிரேக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மழைக்காலத்தில் மும்பையில் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். மழை முடிந்து படகைத் தண்ணீரில் இறக்கினோம். அப்புறம் ஆபீசில் ஆணி, தீபாவளிக்கு ஊர்ப் பயணம் என்று ஐந்து வாரம் யாரும் படகுப் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிறு காலை மூன்று குடும்பமும் கிளம்பினோம். இதமான காற்று, இறங்குகிற ஓதம். என்ஜினைத் தொடாமல் பாயிலேயே மிதவையை விட்டுக் கிளம்பினோம். அதில் ஒரு பெருமை வேறு. மாண்ட்வா பக்கம் போய், சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பினோம்.

கேட்வே பக்கம் நெருங்கியதும் பாயை இறக்கி என்ஜினைப் போட்டேன். படகு கடகடவென்று உதறியது. ஏதாவது பிளாஸ்டிக் சுற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மிதவையைப் பிடிக்க என் பெண், அப்போது 12 வயது, முன்னால் கொக்கிக் கழியோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று ஒரு பயணிகள் லாஞ்ச் குறுக்கே வந்தது. ரிவர்ஸ் போட்டேன். என்ஜின் அலறியது, படகு நடுங்கியது, வேகம் மட்டும் குறையவே இல்லை. சுக்கானைத் திருப்பி லாஞ்சைத் தவிர்த்தோம். ஆனால் அந்தப் பக்கம் நங்கூரம் போட்டிருந்த ஒரு மரத்தாலான மீன்பிடிப் படகு நேரே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. உண்மையில் நாங்கள்தான் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

குழந்தை என்ன செய்வாள்? உதவி செய்கிறோம் என்று கம்பிகளுக்கு நடுவே காலை வெளியே நீட்டினாள், தள்ளிவிட.

நான் கத்தின கத்தில் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அடுத்த விநாடி மோதல். முன்பக்க இரும்புக் கம்பி, அவள் கால் இருந்த இடத்தில், முறுக்கு மாதிரி வளைந்து போயிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மீன்பிடிப் படகுக்குக் கீறல்கூட இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் காலை படகுத்துறையில் வேலை பார்க்கிற கோலிப் பெரியவர் ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்கினார். எல்லோரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே ஒரு முக்கியமான விஷயம். மும்பை துறைமுகத் தண்ணீர் சேறு கலங்கிய தண்ணீர். ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. முங்கினால் எல்லாம் கைத்தடவல்தான். மூச்சுப் பிடித்து நாலைந்து முறை போய் வந்து, கைநிறைய ஓட்டுத்துண்டுகளைப் படகில் கொட்டினார். பார்னக்கிள். கல்லு மாதிரி ஒட்டிக்கொள்கிற, சின்ன எரிமலை வடிவ ஜந்து. கீல் இருக்கிற இடுக்கு முழுக்கக் குடியேறிவிட்டது. ஒரு பிளேடு விரிகிறது, இன்னொன்று பாதியில் நிற்கிறது. உதறலுக்கும் பிரேக் பிடிக்காததற்கும் காரணம் அதுதான்.

ஈரத்தோடு உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு காகா சொன்னார்: "அண்ணா, வெளியில இருக்கறத எல்லாம் சுரண்டிட்டேன். அந்த இடுக்குக்குள்ள என் விரலும் போகல, கத்தியும் போகல. மாசம் ரெண்டு தடவை என்னைக் கூப்பிடு. இல்லேன்னா இதைக் கழட்டிப் போடு."

இந்த இரண்டு வரிக்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் தேவைப்படவில்லை. கிளப்பில்தான் தேவைப்பட்டது. ஃபிக்ஸட் போடப்போகிறேன் என்றதும் ஆளாளுக்கு வகுப்பெடுத்தார்கள். அவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "தப்பு உன்னுடையது, புரொப்பெல்லருடையது அல்ல."

சரிதான். கிளம்புமுன் கட்டிய நிலையிலேயே முன்னும் பின்னும் கியர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஐந்து வாரம் விட்டிருக்கக் கூடாது. விட்டேன். ஆனால் ஐயா, வேலைக்குப் போகிற, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வைத்திருக்கிற, வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிற மனிதன் ஐந்து வாரம் படகைப் பார்க்காமல் இருப்பது விபத்து அல்ல. அது அவன் வாழ்க்கை. அந்தச் சோம்பேறித்தனத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் சாமான் வாங்க வேண்டும். தினமும் பராமரித்தால் மட்டும் வேலை செய்கிற பிரேக்கை எவனாவது குடும்பக் காரில் மாட்டுவானா?

வாதம் 2: "உன்னுடையது பழைய மாடல். புதியதில் பிளேடுகள் பற்சக்கரத்தால் பிணைந்திருக்கும், சேர்ந்தேதான் விரியும்."

உண்மை. ஆனால் சேர்ந்து விரிவது சேர்ந்து சிக்கவும் சிக்கும். பார்னக்கிளுக்கு மாடல் வருஷமெல்லாம் தெரியாது. அது தேடுவது அசையாத ஒரு பரப்பை. குளிர்நாட்டுப் பத்திரிகைகளில் வருகிற சோதனை அட்டவணைகள் எல்லாம் சுத்தமான, பளபளப்பான புரொப்பெல்லரை வைத்து எடுத்தவை. நம் வெதுவெதுப்பான கடலில் ஐந்து வாரம் ஊறப்போட்டுவிட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

பூச்சு அடித்தால் போதாதா என்பார்கள். வெண்கலத்தின்மேல், அதுவும் சுற்றுகிற வெண்கலத்தின்மேல், சாதாரண அடிப்பூச்சு நிற்காது. சிலிக்கோன் வகைப் பூச்சுகள் பரவாயில்லை, நியூசிலாந்தின் ப்ராப்ஸ்பீட் போல. அவையும் ஒட்டியது எளிதாக உதிர உதவுமே தவிர, ஓடாமல் கிடக்கிற படகில் ஒட்டவே ஒட்டாது என்று உத்தரவாதம் இல்லை. கீல் இடுக்குக்குள் எந்தப் பூச்சும் பலகாலம் நிற்பதில்லை.

வாதம் 3: "அரை நாட் போய்விடும். அது பாய்மரப் படகே இல்லை."

ஒரு பெரியவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால், இடுப்பில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடுவது. சரி, கணக்கே போடுவோம். மும்பையிலிருந்து கோவா கடல்வழியில் ஏறத்தாழ 230 கடல் மைல். 5 நாட்டில் 46 மணி நேரம். 5.5 நாட்டில் 42 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் நாலு மணி நேரம். அதுவும் முழுக்கப் பாயிலேயே போனால்தான். கொங்கணக் கடற்கரையில் குளிர்காலத்துக் காலை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மதியம் கடற்காற்று எழும்புகிற வரை என்ஜின்தான் ஓடும். என்ஜின் ஓடுகிற நேரத்தில் மடங்கின பிளேடு மிச்சப்படுத்துவது பூஜ்யம்.

வேகம் எங்கே உயிர்நாடி என்று நான் சொல்கிறேன். கமாண்டர் அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் இதே மும்பையிலிருந்து கோவாவில் கட்டிய மாதேயி படகில் கிளம்பி, தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் கடைசியில் திரும்பி வந்தார். ஐந்து மாதம், இரவும் பகலும் பாய். அப்படிப்பட்ட பயணத்தில் இழுவை ஒவ்வொரு மணி நேரமும் வட்டி கேட்கும். ரிவர்ஸ் தேவையே இல்லை. என்னுடைய பயணம் அதற்கு நேர் எதிர். ஒரு நாளில் நாலு மணி நேரம் பாய், இரண்டு தடவை நிற்க வேண்டும், அந்த இரண்டு தடவையும் சுற்றிலும் லாஞ்சும் மீன்பிடிப் படகும் மனிதர்களும். சாதனையாளருக்குத் தைத்த சட்டையை எனக்கு ஏன் மாட்டுகிறீர்கள்?

வாதம் 4: "அப்படியானால் ஃபெதரிங் போடு. ரிவர்ஸ் பிரமாதம்."

இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். கொச்சியிலிருந்து லட்சத்தீவு, மாலத்தீவு என்று நாள்கணக்கில் பாய் விரித்துப் போகிற குடும்பம் என்றால் நானே ஃபெதரிங் வாங்கச் சொல்வேன். புரொப்பெல்லருக்குப் பின்னால் இடம் குறைவான பழைய நீள அடிக்கட்டைப் படகுகளுக்கும் அதுதான் பொருந்தும். பின்னால் மடங்க அங்கே இடமிருக்காது.

ஆனால் விலையோடு நிபந்தனைகளும் வரும். வருஷா வருஷம் கரையேற்றும்போது நடுக்குமிழுக்குள் கிரீஸ் அடைக்க வேண்டும். என்ஜினை அணைக்கும்போது ஷாஃப்ட் சுற்றுவது நின்றால்தான் பிளேடு திரும்பிக்கொள்ளும் என்பதைப் படகிலுள்ள எல்லோரும் பழக வேண்டும். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்கிற துத்தநாக அனோடு ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி வடிவம். அது கரைந்துபோனால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கஸ்டம்ஸில் காத்திருக்க வேண்டும். சாமான் விலையோ வரியும் சேர்ந்து லட்சங்களில். சாதாரண ஷாஃப்ட்டுக்கு மாட்டுகிற வளைய அனோடு படகுச் சாமான் கடையிலேயே கிடைக்கிறது.

இதையெல்லாம் செய்ய ஆளும் காசும் நேரமும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் சொந்தச் செலவில் சூனியம்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. அதைக் காகாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கண்ணால் பார்க்காமல், ஒரு கையால் தடவி, ஒரு மூச்சில் சுத்தம் செய்ய முடிகிறதா? முடிந்தால் அது இந்தத் துறைமுகத்துக்கான புரொப்பெல்லர். ஃபிக்ஸட் தேறும். ஃபெதரிங் பாதி தேறும், பிளேடின் அடிவேரில் சிக்கும். ஃபோல்டிங் தேறாது. டோல் வலைக் கயிறு சுற்றினாலும் இதே கணக்குத்தான். மடங்குகிற பிளேடில் கயிறு எளிதில் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பது நிஜம், அந்த மார்க்கைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் பிரேக்குக்கு மார்க் போடும்போது மற்றதெல்லாம் அப்புறம்.

முடிவில் நாங்கள் மூன்று பிளேடு ஃபிக்ஸட் மாட்டினோம். மாட்டப்போகிறவர்களுக்கு அனுபவத்தில் சில:

- விட்டமும் பிட்ச்சும் உங்கள் என்ஜினுக்கும் கியர் விகிதத்துக்கும் பொருந்த வேண்டும். முழு திராட்டிலில் என்ஜின் அதன் குறிப்பிட்ட சுழற்சியைத் தொடவில்லை என்றால் பிட்ச் அதிகம். டீசல் என்ஜினைக் கரும்புகை கக்க விடாதீர்கள்.

- பாயில் போகும்போது புரொப்பெல்லரைப் பூட்டி வைப்பதைவிடச் சுற்ற விடுவதுதான் இழுவை குறைவு. படகுத்துறையில் பாதிப் பேர் இன்னும் தலைகீழாகச் சொல்கிறார்கள். 2008ல் வெளியான மெக்கென்சி, ஃபாரஸ்டர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. ஆனால் உங்கள் கியர்பாக்ஸ் என்ஜின் ஓடாமல் சுற்றுவதைத் தாங்குமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

- ரிவர்ஸில் படகின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கும். வலப்பக்கம் சுற்றுகிற புரொப்பெல்லர் என்றால் இடப்பக்கம். கூட்டமில்லாத இடத்தில் பழகிக்கொள்ளுங்கள். தெரிந்தால் அதுவே உதவி.

- மிதவையை விடுமுன் முன்னும் பின்னும் கியர் போட்டுப் பாருங்கள். எந்தப் புரொப்பெல்லராக இருந்தாலும். பாயில் கிளம்புகிற பெருமையை அதற்கப்புறம் அனுபவிக்கலாம்.

மூன்று சீசன் ஆகிவிட்டது. மெல்லிய காற்றில் அரை நாட் போனது நிஜம். பாய் விரித்ததும் தரைப்பலகைக்கு அடியில் ஷாஃப்ட் சுற்றுகிற 'ம்ம்ம்' என்ற சத்தம் கேட்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அது கேட்டால்தான் எனக்கு நிம்மதி, கீழே அது அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிளப் படகுகள் எங்களைத் தாண்டிப் போகும்போது கை காட்டுவார்கள். நாங்களும் காட்டுவோம்.

பெண் இப்போதும் முன்னால்தான் உட்காருகிறாள். காலை மடக்கிச் சப்பணம் போட்டு. படகில் மடங்க வேண்டியது அது ஒன்றுதான்.

டிஸ்கி: பந்தயப் படகு வைத்திருப்பவர்களும், ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்ததும் படகைக் கரையேற்றி வைப்பவர்களும் இந்தப் பதிவைக் கண்டுகொள்ள வேண்டாம். உங்களுக்கு ஃபோல்டிங்தான் சரி. எங்கள் பழைய ஃபோல்டிங்கும் அப்படி ஒரு பந்தயக்காரரிடம்தான் போயிருக்கிறது. சுத்தம் செய்துதான் கொடுத்தோம் :-)